ஏன் என்று கேட்காத ஊர்

1968 மே 9, வியாழக்கிழமை. காலை 7 மணி 40 நிமிடத்துக்குத் திருப்பூர் ரயில் நிலையத்தில் இறங்கினேன். முந்தின நாள் பிற்பகல் மாயவரத்தில் ஏறி, திருச்சியில் ஒரு முறையும் ஈரோட்டில் ஒரு முறையும் வண்டி மாறி வந்த பயணம். ஈரோட்டிலிருந்து திருப்பூர் சுமார் முப்பது மைல்தான். அந்த முப்பது மைலும் நின்றுகொண்டே வந்தேன். கால் வைக்க வேண்டிய இடத்தில் யாருடைய நூல் மூட்டையோ கிடந்தது. அதன்மேல் அவருடைய செருப்பு இருந்தது. கத்திரி தொடங்கி ஐந்து நாள் ஆகியிருந்தது. என் குடையின் ஒரு கம்பி திருச்சியிலேயே உடைந்துவிட்டது.

திருப்பூருக்கு யாரும் ஊர் சுற்றிப் பார்க்கப் போவதில்லை. நானும் அதற்காகப் போகவில்லை. என் ஒரே மகள் கோமதியை எட்டு மாதங்களுக்கு முன் அங்கே மணமுடித்துக் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை தண்டபாணி எங்கள் மாயவரத்துக்குப் பக்கத்துக் குத்தாலத்துக்காரர்தான். பிழைப்புக்காக ஆறு வருஷமாகத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் துணி பின்னும் மிஷின் ஓட்டுகிறார். ஏப்ரல் 29ஆம் தேதியிட்ட கோமதியின் கடிதம் மே 3ஆம் தேதி எனக்கு வந்தது. தாலுகா ஆபீசில் முப்பத்தொரு வருஷம் கோப்பு எழுதியவன் மகள் அல்லவா, குறைகளுக்கு எண் போட்டிருந்தாள்.

ஒன்று, விடிந்ததிலிருந்து மிஷின் சத்தம். இரண்டு, எதை எடுத்தாலும் பஞ்சு. மூன்று, கிணற்றுத் தண்ணீர் உப்பு, பருப்பு வேகவில்லை. நான்கு, குழாயில் நல்ல தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதற்கும் வரிசை. ஐந்து, பக்கத்து வீட்டு அம்மாள் ஓயாமல் வாசல் நிலையைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். ஆறாவது, பசை தடவி ஒட்டும் மடிப்பின் ஓரத்தில், பொடி எழுத்தில் இருந்தது: "கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்ப்பதில்லை." அதற்குக் கீழே: "வந்து அழைத்துக்கொண்டு போங்கள்."

எண் ஒன்று முதல் ஐந்து வரை படித்தபோது என் மனைவி சிரித்தாள். ஆறு வந்ததும் சிரிப்பு நின்றது. அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள் என்றாள். எட்டு மாதத்தில் திரும்பி வரும் பெண்ணை ஊர் எப்படிப் பார்க்கும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். இருவருமே அதைப் பேசவில்லை.

நிலையத்துக்கு வெளியே ராயபுரத்துக்குக் குதிரை வண்டி பேசினேன். எழுபத்தைந்து பைசா. வண்டி நகர்ந்ததும் வண்டிக்காரர் திரும்பாமலே, "ஏனுங்க" என்றார்.

"மகளைப் பார்க்க வந்திருக்கிறேன்."

"செரீங்க."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும், "ஏனுங்க."

"அவள் வரச்சொல்லிக் கடிதம் போட்டிருந்தாள்."

"செரீங்க."

மூன்றாம் முறையும் "ஏனுங்க" என்றதும் எனக்குப் பொறுமை போய்விட்டது. "அது எங்கள் குடும்ப விஷயம்" என்றேன்.

"அது இல்லீங்க. கொஞ்சம் முன்னால தள்ளி உக்காந்தீங்கன்னா வண்டி பின்னால சாயாதுங்க. குருதைக்கு இழுக்கச் செரமமா இருக்குதுங்க."

முன்னால் தள்ளி உட்கார்ந்தேன். அப்போதும் எனக்குப் புரியவில்லை. இந்த ஊர்க்காரர்கள் முதலில் காரணம் கேட்டுவிட்டுத்தான் மற்றதைச் சொல்வார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

காலை 8.20. ராயபுரத்தில் கோமதி இருப்பது லைன் வீடு. ஒரே கூரையின் கீழ் வரிசையாக எட்டு வீடுகள். ஒவ்வொன்றிலும் ஓர் அறை, அதன் பின்னால் புகை போக வழியில்லாத ஒரு சமையலறை. சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் கம்பெனி. தண்டபாணி வேலை பார்ப்பதும் அதே கம்பெனிதான். மிஷின் சத்தம் காதுக்கு வருவதற்கு முன் உள்ளங்காலுக்கு வந்தது. கோமதி இளைத்திருந்தாள். வாசலை ஒட்டி அவளுடைய தகரப் பெட்டி பூட்டித் தயாராக இருந்தது. நான் அதைப் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

"எப்போ போறோம்ப்பா?"

"ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளைகிட்டப் பேசிட்டு."

"பேசிப் பாருங்க" என்றாள். அதில் ஒரு கசப்பு இருந்தது.

அன்று பகல் முழுவதும் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரி பார்த்தேன். சத்தம், உண்மை. பஞ்சு, உண்மை. மோரில் மிதந்தது, என் கண்ணாடியில் ஒட்டியது, நான் தினமும் குறிப்பு எழுதும் நோட்டில் மை காய்வதற்குள் வந்து படிந்தது. பருப்பு இரண்டு மணி நேரம் கொதித்தும் பல்லில் நறநறத்தது. குழாயில் அன்றைக்குத் தண்ணீர் நாள். பதினோராவது குடமாக எங்கள் குடம் நின்றது. முன்னால் நின்ற பெண் என்னைப் பார்த்து "ஏனுங்க" என்றாள். ஊரிலிருந்து வந்தவன், மகளுக்கு உதவியாக நிற்கிறேன் என்று விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "குடம் நகந்துருச்சுங்க" என்றாள்.

மாலை ஐந்தரைக்குத் தண்டபாணி வந்தார். தலைமுடியெல்லாம் பஞ்சு. "வாங்க மாமா! எப்ப வந்தீங்க!" என்று எட்டு வீட்டுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். அதன் பிறகு சாப்பிடும்வரை நாலு வார்த்தைகூடப் பேசவில்லை. நான் கேட்ட இரண்டு கேள்விகளுக்குச் சிரித்துத் தலையாட்டினார். அதில் ஒன்று தலையாட்டக்கூடிய கேள்வி அல்ல.

மே 10, வெள்ளிக்கிழமை. பிற்பகல் இரண்டு மணிக்கு மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். மிஷின்கள் ஒவ்வொன்றாக இளைத்து நின்றன. எட்டு வீடுகளிலும் பேச்சு சட்டென்று தாழ்ந்தது. எங்கோ ஒரு காக்காய் கத்தியது. அந்த லைனில் காக்காய் உண்டு என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மாப்பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டார். வாசற்படியில், நிலையில் முதுகைச் சாய்த்து, தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்தார். கோமதி உள்ளே மோர் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"மோர் வேணுமா?"

பதில் இல்லை.

"ஏங்க, மோர்."

அவர் தெருவில் போன மாட்டு வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோமதி மூன்றாம் முறை கூப்பிடவில்லை. தம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு, மெல்லச் சொன்னாள்: "பாத்தீங்களாப்பா. இப்போ மிஷின்கூட ஓடலை."

அதே நேரத்தில் பக்கத்து வீட்டிலிருந்து, இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர் அதிர, டொக் டொக் என்று சத்தம். கொஞ்சம் விட்டு மறுபடியும் டொக் டொக். சத்தமே இல்லாத அந்தப் பிற்பகலில் அது மண்டையில் ஆணி அடிப்பது போலிருந்தது. எண் ஐந்து. மாலைக்குள் நாற்பது தடவைக்கு மேல் எண்ணினேன். பிறகு எண்ணுவதையும் விட்டுவிட்டேன். களைப்பாக இருந்தது. பெரிய துன்பம் வந்தால் நாலு பேர் வந்து கூட உட்காருவார்கள். பல்லில் நறநறக்கும் பருப்புக்கு யார் வருவார்? ஞாயிற்றுக்கிழமை இரண்டு டிக்கெட் வாங்குவது என்று அன்றைய தேதிக்குக் கீழே எழுதினேன்.

மே 11, சனிக்கிழமை. காலை 11 மணிக்குக் கம்பெனிக்குப் போனேன். வீட்டில் வைத்துப் பேசினால் லைன் முழுவதும் கேட்கும் என்பதால், மாப்பிள்ளையை வெளியே அழைத்துப் பேசுவது என் எண்ணம். மிஷின் ரூமில் காலை வைத்ததும் அங்கேயே நின்றுவிட்டேன். இரண்டு நாளாகச் சுவர் வழியாகக் கேட்டது இதில் கால் பங்குகூட இல்லை. வட்டமான மிஷின்கள், ஒவ்வொன்றின் அடியிலும் குழாய் போல இறங்கும் வெள்ளைத் துணி. யாரும் வாயைத் திறக்கவில்லை. கையாலேயே பேசிக்கொண்டார்கள். கட்டை விரலை வாய்ப்பக்கம் சாய்த்தால் டீ. மேலுதட்டின் மேல் இரண்டு விரல் தடவினால் மேனேஜர் வருகிறார். என்னைப் பார்த்ததும் ஒருவர் உள்ளங்கையில் எழுதுவது போலக் காட்டினார், இன்னொருவர் சிரித்தார். நான் நாள் முழுவதும் நோட்டும் கையுமாக இருக்கும் செய்தி சுவரைத் தாண்டிப் போயிருந்தது.

தண்டபாணி என்னைக் கவனிக்கவில்லை. இடது கை விரல்களை மிஷினின் உடம்பில் வைத்துக்கொண்டு, கண்ணை லேசாக மூடி நின்றார், வைத்தியர் நாடி பார்ப்பது போல. திடீரென்று மிஷினை நிறுத்தி, உடைந்திருந்த ஓர் ஊசியை எடுத்து மாற்றினார். ஊசி உடைந்ததை அவர் பார்க்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. விரல் சொல்லியிருக்கிறது.

மூலையில் இருந்த பாய் டீக்கடைக்குப் போனோம். டீ பன்னிரண்டு பைசா. கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். நான் எப்படித் தொடங்குவது என்று யோசிப்பதற்குள் மாப்பிள்ளை என் காதருகே குனிந்தார். ரகசியம் சொல்பவர் முகம். குரல் மட்டும் தெருக்கோடிக்குப் போயிற்று.

"மாமா, கோமதி கடுதாசி போட்டது எனக்குத் தெரியும். பொட்டி கட்டி வெச்சிருக்கிறதையும் பாத்துட்டேன். கூட்டிட்டுப் போறதுன்னா, ஒரு மாசம் லீவுக்குன்னு நாலு பேர்கிட்டச் சொல்லிட்டுக் கூட்டிட்டுப் போங்க. போனா திரும்ப வருமான்னு மட்டும் எனக்குச் சொல்லிடுங்க."

கடையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் தங்கள் தம்ளருக்குள் பார்த்தார்கள். பாய், கழுவி அடுக்கியிருந்த தம்ளர்களை எடுத்துத் தொட்டியில் போட்டு மறுபடியும் கழுவ ஆரம்பித்தார், அதுவும் கடகடவென்று. அந்தச் சத்தம் எங்களுக்காக அவர் தொங்கவிட்ட திரை என்பது எனக்குச் சற்றுப் பிறகுதான் உறைத்தது.

"மாப்பிள்ளை, ஏன் இவ்வளவு சத்தமா..." என்றேன், மெல்ல.

"ஆமா மாமா, இங்க டீ நல்லாத்தான் இருக்கும்" என்றார்.

இரண்டு டீக்கும் இருபத்துநான்கு பைசாவை எண்ணி வைத்துவிட்டு எழுந்தேன். பேச வந்தது எதுவும் எனக்கு நினைவில் இல்லை.

மாலை 4 மணிக்குப் பக்கத்து வீட்டு வாசலில் நின்றேன். ஆறில் ஒன்றையாவது தீர்த்துவிட்டுப் போகலாம் என்பதுதான் காரணம். அந்த அம்மாள் பெயர் பழனியம்மாள். ஐம்பது வயதிருக்கும், நெற்றி நிறைய விபூதி. அவர் கணவர் நாச்சிமுத்துவும் அதே மிஷின் ரூம்தான்.

"ஏனுங்க, உள்ள வாங்க" என்றார்.

"வந்த காரணம் என்னவென்றால்..." என்று தொடங்கி, பகல் தூக்கம், முதுகு வலி, சுவர் அதிர்வு எல்லாவற்றையும் சொல்லி, அந்தத் தட்டலைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் உபகாரமாக இருக்கும் என்று முடித்தேன்.

"ஏனுங்க" என்றார் மறுபடியும்.

"அதுதானே சொன்னேன் அம்மா, சுவர் அதிர்வதால்..."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். "நான் ஏன்னு கேக்கலீங்க. கூப்புட்டனுங்க. எங்க பக்கம் ஆரையும் அப்புடித்தானுங்க கூப்புடறது." பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "தட்டறது எங்க ஊட்டுக்காரருக்குங்க. மிசின் ரூம்ல பதினெட்டு வருசமுங்க, காது அவ்வளவுதானுங்க. கூப்புட்டா உழுகாது. வாசல் நெலவுல சாஞ்சுக்கிட்டுத்தான உக்காந்திருப்பாரு, தட்டுனா முதுகுல தெரியுமுங்க. ரெண்டு தட்டுன்னா சோத்துக்கு. மூணுன்னா ஆரோ வந்திருக்காங்க. இந்த லைன்ல மிசின்காரர் ஊடு அத்தனையும் இப்புடித்தானுங்க."



"உங்க மாப்பிள்ளைக்கும் வலக்காது போயிருச்சேங்க, மத்ததும் பாதிதானுங்க" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "கோமதிக் கண்ணு உங்ககிட்டச் சொல்லலீங்களா?"

"அவளுக்கே தெரியாது" என்றேன்.

பழனியம்மாள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். "அந்தக் கண்ணு தொண்டை வறளக் கூப்புடறது எனக்குக் கேக்குமுங்க. தட்டு கண்ணுன்னு சொல்லோணும்னு எத்தனையோ நாள் வந்தனுங்க. படிச்ச புள்ள, எம்புருசனைச் செவிடுங்கறாளேன்னு சங்கடப்பட்டுக்குமோன்னு திரும்பிப் போயிருவனுங்க. நானாவது நல்லாத் தட்டுனா அதைக் கேட்டுப் புரிஞ்சுக்கும்னு நெனச்சனுங்க."

எண் ஐந்து இதுதான். மரியாதை மிகுந்து வாய்விட்டுச் சொல்ல முடியாமல், எட்டு மாதமாகச் சுவர் வழியாக ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குச் சொல்லிக்கொண்டிருந்த சேதி. என் மகள் அதைக் குறையென்று எழுதி எண் போட்டு அனுப்பியிருக்கிறாள். நான் அதை நாற்பது வரை எண்ணியிருக்கிறேன்.

திரும்பினேன். கோமதி எங்கள் வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு கேட்டாள் என்று நான் விசாரிக்கவில்லை. முகம் சொல்லியது.

"வண்டிக்காரர்கிட்டயும் இப்படித்தான் காரணம் சொன்னீங்களா?" என்றாள்.

"மூணு தடவை" என்றேன்.

அவள் சிரித்தாள். வந்ததிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு. அது பாதியில் அழுகையானது. இரண்டும் முடியும்வரை நான் குடைக் கம்பியைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

ஐந்தரைக்குத் தண்டபாணி வந்து, கால் கழுவி, வழக்கம்போல நிலையில் சாய்ந்து தெருவைப் பார்த்து உட்கார்ந்தார். கோமதி தட்டை எடுத்து வைத்தாள். கூப்பிட வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். பிறகு நிலையருகே போய், விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

அவர் உடனே திரும்பினார். முதலில் அவளைப் பார்த்தார், பிறகு நிலையில் இருந்த அவள் கையை.

"யார் சொன்னா?" என்றார், எட்டு வீட்டுக்கும் கேட்கும்படி.

"நானுங்க" என்றது பக்கத்து வீடு.

கோமதி அவருக்கு நேராக, முகம் தெரியும்படி உட்கார்ந்தாள். "எத்தனை நாளா?"

அவர் அவள் உதட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "கல்யாணத்துக்கு முன்னாலேயே கொஞ்சம். சொன்னா வேண்டாம்னுடுவீங்களோன்னு பயம். அப்புறம் எப்படிச் சொல்றதுன்னு பயம்."

"நான் கூப்பிட்டது எதுவும்..."

"பாதி விழும். பாதிக்குத் தலையாட்டுவேன்."

நான் எழுந்து தெருமுனை வரை நடந்துவிட்டு வந்தேன். வேலை ஒன்றும் இல்லை. திரும்பும்போது இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பருப்பு அன்றைக்கும் வேகவில்லை. பழனியம்மாள் ஒரு கிண்ணியில் விளக்கெண்ணெய் கொண்டுவந்து, "ரெண்டு சொட்டு உடுங்க கண்ணு, வெந்துரும்" என்று கோமதியிடம் கொடுத்துவிட்டுப் போனார். இனிமேல் வாய்விட்டுச் சொல்லலாம் என்று அவரும் முடிவு செய்துவிட்டார் போலும்.

மே 12, ஞாயிற்றுக்கிழமை. கம்பெனிக்கு விடுமுறை. நான் எழுந்தபோது தகரப் பெட்டி திறந்து கிடந்தது. அதிலிருந்த புடவைகளைக் கோமதி கொடியில் உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள். உதற உதறப் பஞ்சு பறந்தது. பூட்டிய பெட்டிக்குள்ளும் பஞ்சு.

"என்னம்மா?" என்றேன்.

"மீதி அஞ்சு அப்படியேதான் இருக்குப்பா" என்றாள். பிறகு யோசித்து, "நாலு" என்று திருத்திக்கொண்டாள். "அதுக்கெல்லாம் ரயில் ஏறணுமா?"

காது டாக்டரைப் பார்க்கக் கோயமுத்தூர் போவது என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள். அதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. மிஷின் ரூம் அங்கேயேதான் இருக்கும், அவரும் திங்கட்கிழமை அங்கேதான் போவார். அதை நான் சொல்லவில்லை. அவர்களுக்கும் தெரியும்.

நிலையத்தில் டிக்கெட் வரிசையில் நின்றேன். பின்னாலிருந்து ஒருவர், "ஏனுங்க" என்றார். "சொல்லுங்க" என்று திரும்பினேன். என் குடை அவர் காலில் குத்திக்கொண்டிருந்தது. ஜன்னலில் ஒரே ஒரு டிக்கெட் கேட்டேன்.

வண்டியில் இடம் கிடைத்தது. இருந்தும் தூக்கம் வரவில்லை. எனக்குக் காது நன்றாகக் கேட்கும். மாயவரத்தில் என் வீட்டுக்குப் பின்னால் எந்தக் கம்பெனியும் கிடையாது. ஆனாலும் நான் நோட்டைத் திறந்து உட்கார்ந்துவிட்டால் என் மனைவி மூன்று முறை கூப்பிட வேண்டியிருக்கிறது. முப்பது வருஷ நோட்டுகளில் இந்தக் குறைக்கு எண் கிடையாது. எண் போட வேண்டியவள் நோட்டு எழுதுகிறவள் அல்ல.

மே 13, திங்கட்கிழமை, காலை 10 மணி. குதிரை வண்டி வீட்டு வாசலில் நின்றதும் மனைவி வெளியே வந்தாள். எனக்குப் பின்னால் பார்த்தாள். பின்னால் உடைந்த குடையும் என் பையும்தான் இருந்தன. உள்ளே கோமதியின் பழைய கட்டிலில் துவைத்த விரிப்பு போட்டிருந்தது வாசலிலிருந்தே தெரிந்தது.

"அவ வரலையா?"

"வரலை."

"ஏன்?"

நான்கு நாட்களாக, யாரும் கேட்காத கேள்விக்கெல்லாம் வண்டியிலும் குழாயடியிலும் நின்று காரணம் சொல்லிவிட்டு வந்தவன் நான். இப்போது ஒருத்தி உண்மையாகவே கேட்கிறாள். செருப்பைக் கழற்றினேன். வாசல் நிலையில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினேன்.

"என்ன இது?" என்றாள்.

நோட்டைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டு, அவளுக்கு நேராக உட்கார்ந்தேன்.